ஒரே ஓர் இலைக்குப் பந்தி விசாரிப்பவர்

ஐந்நூறு பேருக்குச் சமைக்கும் கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் சற்று நேரம் நின்றால், அங்கே வேலை எப்படிப் பிரிந்து நடக்கிறது என்று தெரிந்துவிடும். காய் நறுக்குபவர் நறுக்குவதோடு சரி. சாம்பார் அண்டாவைப் பார்த்துக்கொள்பவர் ரசத்தின் பக்கம் திரும்புவதில்லை. பந்தியில் பரிமாறுகிறவர்களுக்கு அவரவர் கையில் இருக்கும் வாளிதான் பொறுப்பு. பொரியல் வாளிக்காரர் வேகமாக நகரும்போது நடுவில் ஓர் இலையைத் தாண்டிப் போய்விடுகிறார். பின்கட்டில் கேட்டால் பொரியல் போதுமான அளவு இருக்கிறது, ருசியாகவும் இருக்கிறது. பரிமாறியவரைக் கேட்டால் அந்த வரிசை முழுவதும் போட்டாயிற்று என்பார். இருவர் சொல்வதும் பொய்யில்லை. ஆனாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளையின் இலையில் பொரியல் இல்லை. அது வாய்விட்டுக் கேட்கவும் கேட்காது.

இதற்காகத்தான் நம் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி விசாரிக்க என்று ஒருவர் நிற்பார். அவர் கையில் கரண்டி இருக்காது. சமைக்கவும் மாட்டார், பரிமாறவும் மாட்டார். இலையைப் பார்ப்பார், உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்ப்பார், குறை தெரிந்தால் செய்ய வேண்டியவரிடம் சொல்லுவார்.

அமெரிக்காவில், பெற்றோரிடமிருந்து பிரித்து அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு இந்த வேலையைச் செய்ய ஓர் ஏற்பாடு இருக்கிறது. நீதிமன்றமே நியமிக்கும் சிறப்பு ஆதரவாளர்கள். சுருக்கமாகக் ‘காசா’ என்பார்கள். சம்பளம் கிடையாது. சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆசிரியர், ஓய்வுபெற்ற கணக்காளர், செவிலியர், மென்பொருள் வேலை பார்ப்பவர் என்று யாராகவும் இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு குழந்தை, அல்லது ஒரே வீட்டு உடன்பிறப்புகள். மிஞ்சினால் இரண்டு வழக்குகள். அதற்கு மேல் பொதுவாகக் கொடுப்பதில்லை. ஒரே ஓர் இலைக்குப் பந்தி விசாரிப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சமையற்கட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். 2022 செப்டம்பர் கடைசியில் அந்த நாட்டில் சுமார் 3,69,000 குழந்தைகள் ஃபாஸ்டர் கேர் என்னும் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தார்கள். அடிபட்டு, சூடுபட்டு வந்தவர்கள்தான் இவர்கள் எல்லோரும் என்று நினைத்துவிட வேண்டாம். பத்தில் ஆறு பேருக்கு மேல், பிரிக்கப்பட்டதற்கான காரணங்களில் கவனிப்பின்மை இருக்கிறது. பெற்றோரின் போதைப் பழக்கம் பெரிய காரணம். ஒரு குழந்தையை எடுத்த மறுநாளிலிருந்தே அதைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். குழந்தைகள் நலத் துறையின் கேஸ் ஒர்க்கர், தற்காலிகமாக வளர்க்கும் வளர்ப்புப் பெற்றோர், துறைக்கு ஒரு வழக்கறிஞர், தாய்க்கு ஒருவர், தந்தைக்கு ஒருவர், பல மாநிலங்களில் குழந்தைக்கும் ஒருவர், மனநல ஆலோசகர், பள்ளி ஆசிரியர், குழந்தை மருத்துவர். எல்லோருக்கும் மேலே, தீர்ப்புச் சொல்ல நீதிபதி.

இவர்களில் அலட்சியமானவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலானோர் தங்கள் அண்டாவை ஒழுங்காகக் கிண்டுகிறவர்கள். ஆனால் ஒரு கேஸ் ஒர்க்கருக்கு 12 முதல் 15 குழந்தைகளுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தைகள் நலச் சங்கத்தின் அளவுகோல் சொன்னாலும், பல மாவட்டங்களில் அந்த எண்ணிக்கை தாண்டிவிடுகிறது. வேலைப்பளு தாங்காமல் ஆட்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள். புதிதாக வருபவர் கோப்பைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த விசாரணைத் தேதி வந்துவிடும்.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். எட்டு வயதுச் சிறுமி. வீட்டிலிருந்து அவசரமாகக் கூட்டிவந்தபோது மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. வளர்ப்புத் தாய், புதிய கண்ணாடிக்குத் துறை கையெழுத்துப் போட வேண்டும் என்று நினைத்துக் காத்திருக்கிறார். பழைய கேஸ் ஒர்க்கர் குறிப்பு எழுதி வைத்துவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டார். புதியவர் கண்ணுக்கு அந்தக் குறிப்பு இன்னும் படவில்லை. வகுப்பில் ஆசிரியர், பிள்ளை பாடத்தைக் கவனிப்பதே இல்லை என்று எழுதுகிறார். அதைப் படித்த ஆலோசகர், பிரிவின் அதிர்ச்சியாக இருக்கலாம் என்கிறார். இன்னும் ஒரு மாதம் போனால் கவனக்குறைபாட்டுக்கு மாத்திரை தரலாமா என்ற பேச்சு எழும். இப்படிப்பட்ட குழந்தைகளின் மருத்துவச் செலவை மெடிக்கெய்டு காப்பீடு ஏற்கிறது, கண்ணாடியும் அதில் அடக்கம். பணம் இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், அக்கறையும் இருக்கிறது. பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் சிறுமிக்குக் காசா ஒருவர் இருந்தால், வளர்ப்புத் தாயிடம் பேசிய அதே வாரத்தில் ஆசிரியரிடமும் பேசியிருப்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரே ஒரு தலை வேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். பெரிய அறிவோ அதிகாரமோ தேவைப்படவில்லை. எண்ணிக்கை குறைவாக இருந்தால் போதும்.

இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஒரு நீதிபதியின் தூக்கமின்மையிலிருந்து என்றுதான் சொல்ல வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டியில் டேவிட் சூகப் என்பவர் நீதிபதியாக இருந்தார். பிள்ளையைத் தாயிடமிருந்து எடுப்பதா, திருப்பிக் கொடுப்பதா என்று நாள்தோறும் முடிவு செய்ய வேண்டிய பதவி. துறை ஒன்றைச் சொல்லும், பெற்றோரின் வழக்கறிஞர் இன்னொன்றைச் சொல்வார். குழந்தையைப் பற்றி மட்டும் பேச எதிரே ஆள் இருக்காது. இப்படிப்பட்ட வழக்குகளில் குழந்தைக்கென்று ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும் என்று 1974-இல் வந்த மத்தியச் சட்டம் சொல்லியிருந்தது. அத்தனை குழந்தைகளுக்கும் வழக்கறிஞர்களுக்கு எங்கே போவது? 1976-இல் சூகப்புக்கு ஒரு யோசனை தோன்றியது. பயிற்சி கொடுத்தால் சாதாரணக் குடிமக்களே இதைச் செய்யலாமே! ஆர்வமுள்ள நாலைந்து பேரை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அழைத்துப் பேச ஏற்பாடு செய்யும்படி தன் நீதிமன்ற ஊழியரிடம் சொன்னார். அவரவர் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தவர்கள் ஐம்பது பேர். 1977-இல் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே 110 தன்னார்வலர்கள் 498 குழந்தைகளுக்காக நின்றார்கள். 1982-இல் தேசிய அளவில் சங்கம் உருவானது. இன்று ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் உள்ளூர்க் கிளைகள் இருக்கின்றன.

சரி, ஒருவர் எப்படி இந்த வேலைக்குள் வருகிறார்? பின்னணிச் சோதனை முதலில். குற்றப் பதிவேடு, குழந்தைகள் துன்புறுத்தல் பதிவேடு எல்லாவற்றிலும் தேடிப் பார்ப்பார்கள். பிறகு 30 மணி நேரப் பயிற்சி, அதன் பின் ஆண்டுதோறும் 12 மணி நேரம். பயிற்சி முடிந்ததும் பல ஊர்களில் நீதிபதி முன்னால் நின்று உறுதிமொழி எடுக்க வேண்டும். வழக்கு ஒதுக்கப்படும்போது நீதிமன்ற ஆணை ஒன்று கையில் வரும். இந்தக் காகிதம் இல்லையென்றால் அவர் வெறும் நல்லெண்ணம் கொண்ட அயலார். காகிதம் இருந்தால் பள்ளிப் பதிவேட்டைக் கேட்கலாம், மருத்துவக் குறிப்பைப் பார்க்கலாம், கேஸ் ஒர்க்கரிடம் கேள்வி கேட்டுப் பதில் எதிர்பார்க்கலாம். பார்த்தவை எல்லாம் ரகசியம். வீட்டில் கணவரிடமோ மனைவியிடமோகூடக் குழந்தையின் பெயரைச் சொல்லக் கூடாது. அவருக்கு மேலே சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். அவர் தன்னார்வலரின் ஒவ்வோர் அறிக்கையையும் படித்து, திருத்தி, ‘இதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

அதன் பிறகு வேலை என்பது போவதும் பார்ப்பதும்தான். குழந்தையை மாதம் ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு சந்திப்புகளில் வழக்கைப் பற்றிப் பேச்செடுக்க மாட்டார்கள். தரையில் உட்கார்ந்து சீட்டு விளையாடுவார்கள், படம் வரைவார்கள். ஏற்கெனவே நாலைந்து பெரியவர்களிடம் ஒரே கதையைச் சொல்லிச் சலித்த குழந்தை அது. சில வாரங்கள் கழித்து வண்ணப் பென்சிலைத் தேய்த்துக்கொண்டே தானாகக் கேட்கும்: “எங்க வீட்டு நாய்க்கு யாரு சாப்பாடு போடறாங்க?” இதற்குப் பதில் எந்தக் கோப்பிலும் இருக்காது. தன்னார்வலர் அதைக் குறித்துக்கொண்டு, விசாரித்து, அடுத்த முறை வரும்போது பதிலோடு வர வேண்டும். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்ன தேதியில் வந்து நிற்பதும் கேட்டதற்குப் பதில் கொண்டுவருவதும்தான் அந்தக் குழந்தையிடம் நம்பிக்கை சம்பாதிக்கும் வழி.

குழந்தையோடு நின்றுவிடுவதில்லை. தாயைப் பார்க்க வேண்டும், தந்தையைப் பார்க்க வேண்டும், பாட்டி, அத்தை யாராவது இருந்தால் அவர்களையும். துறையின் மேற்பார்வையில் தாயும் பிள்ளையும் சந்திக்கும் நேரத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து கவனிக்க வேண்டும். தம்பி வேறு வீட்டில் வளர்கிறான் என்றால் இருவரையும் எப்போது சேர்த்துவைக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். உடன்பிறந்தவர்களை ஒரே இடத்தில் வைக்க உரிய முயற்சி எடுக்க வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வீடு மாறினாலும் கூடியவரை பழைய பள்ளியிலேயே படிக்கவைக்க வேண்டும் என்பது 2015-இல் வந்த கல்விச் சட்டத்தில் இருக்கிறது. சட்டத்தில் இருப்பது அந்தக் குழந்தைக்கு வந்து சேர்ந்ததா என்று போய்ப் பார்க்கத்தான் இவர்.

செய்யக் கூடாதவையும் உண்டு. குழந்தையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது. பெரிய பரிசுகள் வாங்கித் தரக் கூடாது. ஆலோசகராகவோ சட்டம் சொல்பவராகவோ மாறக் கூடாது. வளர்ப்புத் தாய்க்கு நேரமில்லை என்று தானே பிள்ளையைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போனால் அன்றைக்குக் காரியம் நடந்துவிடும். ஆனால் அடுத்த முறை எல்லோரும் இவரையே எதிர்பார்ப்பார்கள். நடக்க வேண்டிய ஏற்பாடு நடக்காமலே இருப்பது நீதிபதிக்கும் தெரியாமல் போகும். பந்தி விசாரிப்பவர் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டால் அப்புறம் இலையைப் பார்க்க ஆள் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இதுதான் மிகக் கடினமான விதி. பிள்ளை கிழிந்த காலணியோடு நிற்கும்போது புதியது வாங்கிக் கொடுக்கக் கை துறுதுறுக்கும். அந்தத் தவிப்பை அறிக்கையில் ஒரு வரியாக மாற்ற வேண்டும்.

அறிக்கைதான் இவருடைய ஒரே கருவி. ஒவ்வொரு விசாரணைக்கும் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். தான் கண்ணால் கண்டது, பிறர் சொன்னது, தன் கருத்து, இம்மூன்றும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. ‘தாய்க்கு அக்கறை இல்லை’ என்று எழுதினால் மேற்பார்வையாளர் சிவப்புக் கோடு போடுவார். ‘ஏற்பாடு செய்த ஆறு சந்திப்புகளில் தாய் நான்குக்கு வந்தார். வராத இரண்டு நாட்களிலும் அவருக்கு இரவு ஷிஃப்ட் இருந்தது. சந்திப்பு அலுவலகத்துக்குப் போக இரண்டு பேருந்து மாற வேண்டும்’ என்று எழுதினால் அது நீதிபதிக்குப் பயன்படும். சந்திப்பு நேரத்தை மாற்று என்று ஆணையிடலாம் அல்லவா? கடைசியில் பரிந்துரைகள். கண்ணாடிக்கு இத்தனை நாளுக்குள் ஏற்பாடு செய்ய வேண்டும், தம்பியோடு வாரம் ஒருமுறை சந்திப்பு வேண்டும் என்பது போல. ஏற்பதும் தள்ளுவதும் நீதிபதியின் விருப்பம்.

குழந்தை என்ன விரும்புகிறது என்பதையும் அதன் சொந்த வார்த்தைகளிலேயே எழுத வேண்டும். காசா பேசுவது குழந்தையின் நலனுக்காக. அது எப்போதும் குழந்தையின் விருப்பமாக இருக்காது. “நான் இன்னிக்கே அம்மாகிட்ட போகணும்” என்று பிள்ளை சொல்லும்போது, இன்னும் மூன்று மாதம் பொறுக்கலாம் என்று இவருக்குத் தோன்றலாம். இரண்டையும் எழுதி, இரண்டும் வேறு என்று சொல்லிவிட வேண்டும்.

இந்த இடத்தில் என் கல்யாண விருந்து உதாரணம் போதாமல் போகிறது. விருந்துக்கு வருகிறவர் விரும்பி வருகிறார், ஒரு மணி நேரத்தில் கை கழுவிக் கிளம்பிவிடுகிறார். இந்தக் குழந்தை விரும்பி வரவில்லை. வீட்டு அடுப்பில் ஏதோ கோளாறு என்று வெளியே கூட்டிவந்து உட்காரவைத்திருக்கிறார்கள். எவ்வளவு நன்றாகப் பரிமாறினாலும் அது வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த வீட்டு அடுப்பை மறுபடி பற்றவைக்க முடியுமா என்பதுதான் வழக்கின் முதல் கேள்வி. சட்டமும் அதைத்தான் முதல் இலக்காக வைத்திருக்கிறது. பராமரிப்பை விட்டு வெளியே போகும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெற்றோரிடமே திரும்புகிறார்கள்.

அதற்கு ஒரு கெடுவும் உண்டு. 1997-இல் வந்த தத்தெடுப்பு மற்றும் பாதுகாப்பான குடும்பங்கள் சட்டத்தின்படி, 12 மாதத்துக்குள் குழந்தையின் நிரந்தர இடம் எது என்று விசாரணை நடக்க வேண்டும். கடந்த 22 மாதங்களில் 15 மாதம் ஒரு குழந்தை பராமரிப்பில் இருந்திருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, பெற்றோரின் உரிமையை நிரந்தரமாக நீக்க அரசு மனுச் செய்ய வேண்டும். போதையிலிருந்து மீள்வதற்கு 15 மாதம் பலருக்குப் போதாது. எட்டு வயதுப் பிள்ளைக்கோ 15 மாதம் ஒரு யுகம். இந்த இரண்டு கடிகாரங்களுக்கும் நடுவில் ஒவ்வொரு வாரமும் முக்கியம். சிகிச்சை மையத்தில் இடம் கிடைக்கத் தாய் இரண்டு மாதம் காத்திருந்தால், அந்த இரண்டு மாதமும் அவர் கணக்கில்தான் ஓடுகிறது. இதைச் சுட்டிக்காட்டி எழுதுவது காசா செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

இனி நான் முக்கியமாகக் கருதும் விஷயம். பிள்ளையைத் திருப்பி அனுப்புவதற்கு முன் தாயின் வீட்டுக்குப் போகும் தன்னார்வலர் உண்மையாகவே ஒரு சமையலறைக்குள் நுழைகிறார். சின்ன அபார்ட்மென்ட். தொட்டியில் நேற்றைய பாத்திரம். மேசை மேல் பில் கட்டு. தரைவிரிப்பில் கறை. வந்தவர் பெரும்பாலும் வசதியான வீட்டுக்காரர். நாடு முழுவதும் இந்தத் தன்னார்வலர்களில் பெரும்பான்மையோர் வெள்ளையினப் பெண்கள். பராமரிப்பில் எடுக்கப்படும் குழந்தைகளிலோ கறுப்பினக் குழந்தைகளும் பூர்வகுடிக் குழந்தைகளும் அவர்களின் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகம். தன் வீட்டுச் சமையலறையை மனதில் வைத்துக்கொண்டு இந்தச் சமையலறையைப் பார்த்தால் எல்லாமே குறையாகத்தான் தெரியும். வறுமையைக் கவனிப்பின்மை என்று படித்துவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

அதனால்தான் பயிற்சியில் ஓர் அளவுகோலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: குறைந்தபட்சம் போதுமான பராமரிப்பு. உயர்ந்த பராமரிப்பு என்று கேட்கவில்லை, வளர்ப்பு வீட்டோடு ஒப்பிடவும் சொல்லவில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் பால் இருக்கிறதா, முட்டை இருக்கிறதா, நாளைக் காலைக்கு ஏதாவது இருக்கிறதா? மருந்துகள் எட்டாத உயரத்தில் இருக்கின்றனவா? பிள்ளை படுக்க இடம் இருக்கிறதா? புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா? இவ்வளவும் இருந்து, பிள்ளை பாதுகாப்பாக இருக்குமென்றால், தொட்டியில் கிடக்கும் பாத்திரம் நீதிமன்றத்தின் வேலையில்லை. மசாலா வாசம் வீசுகிறதா, பிள்ளைகள் இரண்டு பேர் ஒரே கட்டிலில் படுக்கிறார்களா என்பதும் இல்லை. நம்மவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். பாட்டியோடு பேரக்குழந்தைகள் நான்கு பேர் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்து வளர்ந்த வீடுகள் நம்முடையவை.

அளவுகோல் எழுதிவைத்திருப்பதாலேயே எல்லோரும் அதன்படி பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. காசா நியமிக்கப்பட்ட குழந்தைகள் பெற்றோரிடம் திரும்பும் விகிதம் மற்றவர்களைவிடக் குறைவு என்று காட்டிய ஆய்வுகள் இருக்கின்றன. சிக்கலான வழக்குகளுக்குத்தான் முதலில் காசா ஒதுக்குகிறார்கள், அதனால் அப்படித் தெரிகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் விமரிசகர்கள் கேட்கும் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். நீதிபதி நம்பிக் கேட்கும் குரல் ஒன்று, தாயின் வறுமையைப் புரிந்துகொள்ளாத குரலாக இருந்தால், அது ஒரு குடும்பத்தைக் கலைத்துவிடும். ஆகவே பல கிளைகள் கறுப்பின, ஸ்பானிய மொழி பேசும், பூர்வகுடித் தன்னார்வலர்களைத் தேடிச் சேர்க்கின்றன. ஆண்களையும் தேடுகிறார்கள். தாங்களே வளர்ப்புப் பராமரிப்பில் வளர்ந்தவர்கள் வந்து சேரும்போது அவர்கள் கண்ணுக்கு மற்றவர்கள் காணாதது தெரிகிறது. துணிமணிகளைக் குப்பைப் பையில் அள்ளிப் போட்டு வீடு மாற்றுவது ஒரு பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வழக்கு முடிய ஓராண்டு, ஒன்றரை ஆண்டு, சிலவற்றில் அதற்கும் மேல் ஆகும். அதற்குள் கேஸ் ஒர்க்கர் மாறியிருப்பார், வழக்கறிஞர் மாறியிருப்பார், சில சமயம் நீதிபதியே மாறியிருப்பார். காசா மட்டும் மாறக் கூடாது என்பதால்தான், சேரும்போதே வழக்கு முடியும்வரை இருக்கிறேன் என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள். முடிகிற நாளில் நீதிபதி நியமன ஆணையை ரத்து செய்வார். குறிப்புகளையும் கோப்பையும் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அந்த நாள் வரப்போகிறது என்பதைக் குழந்தைக்கு முன்னாலேயே சொல்லிவைப்பது கடைசிக் கட்ட வேலைகளில் ஒன்று; திடீரென்று காணாமல்போன பெரியவர்களின் பட்டியலில் இன்னொரு பெயர் சேரக் கூடாது.

எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படி ஒருவர் கிடைப்பதில்லை, தன்னார்வலர்கள் போதவில்லை. டெக்சஸ், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா என்று நம்மவர்கள் நிறைய வாழும் மாநிலங்களிலும் உள்ளூர்க் கிளைகள் ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன. பெரும்பாலான இடங்களில் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மாதம் பத்துப் பதினைந்து மணி நேரம் ஒதுக்க முடிய வேண்டும். நடுநடுவே பகல் நேர விசாரணைகளுக்கு அலுவலகத்தில் விடுப்புக் கேட்க வேண்டியிருக்கும் என்பதையும் விண்ணப்பிக்கும் முன்பே யோசித்துக்கொள்வது நல்லது.